ஏற்கெனவே ஒரு சரந்திஸ்

கப்பல் மூன்று மணிக்கு. செவஸ்தி காலை பத்து மணிக்கே பெட்டியும் பையுமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் பேத்திக்கு ஞானஸ்நானம் என்றால் வீட்டில் இருப்புக் கொள்ளுமா? விடிந்தால் ஞாயிறு. தலைநகரத்துத் துறைமுகமான பிரேயஸில் மகள் மரோவின் குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறார்கள். எட்டு மாதமாக அந்தப் பிள்ளை வெறும் 'பாப்பா'தான். பாதிரியார் மூன்று முறை தண்ணீரில் முக்கி எடுக்கும்வரை எங்களில் எந்தக் குழந்தைக்கும் பெயர் கிடையாது.

ஆனால் செவஸ்திக்குப் பெயர் தெரியும். யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் தீவில் முதல் பெண் குழந்தைக்கு அம்மாவைப் பெற்றவளின் பெயர்தான். அவளுக்கே அப்படித்தான் வந்தது. அவளுடைய பாட்டிக்கும் அப்படித்தான் வந்தது. ஒரே உறுத்தல் மாப்பிள்ளை திமோஸ். அவன் லாரிசாக்காரன். அந்தச் சமவெளிப் பக்கத்தில் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பார்களாம். அங்கே லம்ப்ரினி என்று ஒரு சம்பந்தியம்மாள் உயிரும் உடம்புமாக இருக்கிறாள். அதனால் செவஸ்தி ஜாடையாகக் காய் நகர்த்தினாள். "போர்வையில முதல் எழுத்து மட்டும் தைக்கட்டுமா, முழுப் பேரும் தைக்கட்டுமா?" என்று போன மாதம் தொலைபேசியில் மகளைக் கேட்டாள். "உன் இஷ்டம்மா" என்றாள் மரோ. செவஸ்தி முழுப் பெயரையும் தைத்துவிட்டாள், நீல நூலில், மூலையில் மூன்று விரல் உயரத்துக்கு.

அதோடு நின்றாளா? வியாழக்கிழமையே எங்கள் வாரப் பத்திரிகையான 'தீவுக் காற்று' அலுவலகத்துக்குப் போய் அறிவிப்பும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை பத்திரிகை வரும்போது ஞானஸ்நானம் முடிந்திருக்கும். 'குழந்தைக்குப் பாட்டியின் பெயரான செவஸ்தி என்ற பெயர் சூட்டப்பட்டது' என்று ஊரே காப்பிக் கடையில் படிக்கும். லாரிசாவுக்கும் ஒரு பிரதி தபாலில் போகும்.

அன்று காலை துறைமுகத்துக்குப் போகும் வழியில் அதே அலுவலகத்தைத் தாண்டும்போதுதான் உள்ளே கத்தல் கேட்டது. எட்டிப் பார்க்காமல் போயிருந்தால் அவள் செவஸ்தியே இல்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் இந்தத் தீவின் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அந்தக் காலத்தில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவள் கைதான் கம்பியைச் செருக வேண்டும். "யாரு வேணும்?" என்ற அவள் குரல் கேட்காமல் இந்த ஊரில் ஒரு கல்யாணம் நிச்சயமானதில்லை, ஒரு சாவுச் செய்தி போனதில்லை. ஒட்டுக் கேட்பாளா என்று கேட்டால் கோபம் வரும். "கேக்கல. காதுல விழுந்துச்சு" என்பாள். அவள் காதில் அதிகம் விழுந்தது பெயர்ச் சண்டைகள்தான். பிரேயஸில் பிள்ளை பிறக்கும், இங்கே இரண்டு பாட்டிகள் கம்பியின் இரண்டு முனையிலும் அழுவார்கள். ஒரு முறை ஒரு மாமியார் ஜெயிக்கிற கட்டத்தில் இவள் கம்பியைப் பிடுங்கிவிட்டு "லைன் கட்டாயிருச்சு" என்று சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அதில் பிழைத்த பெயரோடு ஒரு பெண் இன்றைக்கும் எங்கள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

பிறகு எல்லாம் தானியங்கி ஆயிற்று. நாற்பத்தைந்து வயதில் செவஸ்தியை ஒரு பூங்கொத்தும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு குளிர்காலத்தில் அரசாங்கம் மூன்று மாதக் கணினி வகுப்பு நடத்தியது. பதினான்கு பேர் சேர்ந்தார்கள். பதின்மூன்று பேர் மீனவர்கள். வகுப்பில் ஹீட்டர் இருந்தது என்பதற்காக வந்தவர்கள். படித்தது இவள் ஒருத்திதான். அன்றிலிருந்து பள்ளிக்கூடம், விடுதிகள், பாதிரியார் வீடு என்று தீவில் எந்த இயந்திரம் முரண்டு பிடித்தாலும் செவஸ்தியைத்தான் கூப்பிடுவார்கள். கூலி தேனாகவும் பாலாடைக் கட்டியாகவும் வரும். கப்பலில் சமையல்காரராக இருக்கும் அவள் புருஷன் வருடத்துக்கு இரண்டு மாதம் வந்து அதையெல்லாம் தின்றுவிட்டுப் போவார்.

உள்ளே கத்திக்கொண்டிருந்தவர்கள் சரந்திஸ் கரவோகிரிஸும் சரந்திஸ் கரவோகிரிஸும். அச்சுப் பிழை இல்லை, இரண்டு பேர். ஒரே தாத்தாவின் பேரன்கள், அண்ணன் தம்பி பிள்ளைகள். அண்ணன் பெத்ரோஸ் தன் மூத்த மகனுக்கு அப்பாவின் பெயரை வைத்தார், முறைப்படி. அந்தப் பையன் பிறந்து ஒன்பது நாள் கழித்துத் தம்பி ஃபோட்டிஸுக்கும் மகன் பிறந்தான். அவரும் அப்பாவின் பெயரை வைத்தார், அதுவும் முறைப்படிதான். பத்திரிகையை ஆரம்பித்த அந்தத் தாத்தா சாகும்போது 'என் பெயரைத் தாங்கும் பேரனுக்கு' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். எந்தப் பேரன் என்று எழுதவில்லை. ஆகவே நாற்பத்தாறு வயதில் இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பத்திரிகை நடத்துகிறார்கள். பெத்ரோஸ் மகன் முன்னறையில் செய்தி எழுதுவான். ஃபோட்டிஸ் மகன் பின்னறையில் அதைப் பக்கமாக அமைப்பான். அமைத்த பக்கங்களைக் குறுந்தட்டில் ஏற்றிச் சனிக்கிழமைக் கப்பலில் பிரேயஸ் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"ஒரு வாரமா ஒரு வரி எழுதலக்கா இவன்!" என்றான் ஃபோட்டிஸ் மகன், அவளைக் கண்டதும். "பொட்டி மொத்தமும் காலி!"

"நானா எழுதல? பதினோரு செய்தி எழுதி வச்சிருக்கேன்! இவன்தான் ஒரு பக்கம் கூடப் போடல. தெனமும் தொறந்து பாக்குறேன், என் செய்தி மட்டும் அப்படியே கெடக்கு. படகு ஓட்டப் போயிர்றான்க்கா, நெசமா!"

செவஸ்தி பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "புதுக் கம்ப்யூட்டர் பொட்டி ரெண்டுக்கும் கம்பி இழுத்தாச்சுல்ல?"

"பக்கத்துத் தீவுலேருந்து ஆள் வந்து இழுத்தான். இனிமே தட்டைத் தூக்கிட்டு நடக்க வேணாம், இங்க எழுதுனது அங்க தெரியும்னான். அன்னைக்கே கப்பலேறிப் போயிட்டான்."

"தெரியுதா?"

"தெரியுது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "ஆனா இவன் ஒண்ணும் செய்யல."

அது எங்கள் நாட்டில் ஒலிம்பிக் நடந்த வருடத்து அக்டோபர். தீவில் இரண்டு கணினிகளைக் கம்பியால் இணைத்திருந்த இடம் இந்த அலுவலகம் ஒன்றுதான். செவஸ்திக்கு உள்ளூர ஆசையாக இருந்தது. அதைவிட முக்கியம், அவளுடைய அறிவிப்பு முன்னறைப் பெட்டியில் கிடக்கிறது. அது பின்னறைக்குப் போகாவிட்டால் பக்கம் இல்லை, பக்கம் இல்லாவிட்டால் புதன்கிழமை ஊருக்கும் லாரிசாவுக்கும் செய்தி இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

முதலில் கம்பியைப் பார்த்தாள். இரண்டு முனையிலும் பச்சை விளக்கு மினுக்கியது. பிறகு இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டியை அதன் எண்ணைப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வந்தது.

"லைன் இருக்கு. மணி அடிக்குது" என்றாள். "அந்தப் பக்கம் எடுக்குறது யாருன்னுதான் பாக்கணும்."

பின்னறைப் பெட்டி ஒரு குழுவிலும் முன்னறைப் பெட்டி வேறு குழுவிலும் இருப்பதைக் கண்டுபிடித்தாள். இரண்டையும் ஒரே குழுவில் போட்டாள். "இதான்டா கோளாறு" என்று சொல்லி ஒரு காப்பி வாங்கிக் குடித்தாள். காப்பி தீர்ந்ததும் பார்த்தால் கோளாறு அப்படியே இருந்தது. பகிர்வதற்கென்று வைத்த கோப்புறையைத் திறந்து யாருக்கெல்லாம் அனுமதி என்று பார்த்தாள். எல்லோருக்கும் அனுமதி. போகிற வருகிற மீன்காரனுக்கும் அனுமதி. அப்புறமும் ஏன்?

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. துறைமுகத்தில் டிக்கெட் கொடுப்பவன் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்துகிற சத்தம் அங்கே வரை கேட்டது.

"சரி, நீ தெனமும் எப்படித் தொறக்குற? எனக்குக் காட்டு" என்று ஃபோட்டிஸ் மகனைப் பின்னறையில் உட்கார வைத்து, தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

அவன் கம்பீரமாகத் தேடும் இடத்தைத் திறந்து, தன் முழுப் பெயரையும் தட்டினான்.

"ஏன்டா உன் பேரைத் தட்டுற? அவன் பொட்டியில்ல வேணும்?"

"அவன் பேருதான்க்கா இது."

செவஸ்தி குனிந்து திரையைப் பார்த்தாள். ஒரு கோப்புறை திறந்தது. உள்ளே எழுத்து ஒன்றுமில்லை. 'படகு' என்ற பெயரில் நாற்பது படங்கள் மட்டும் இருந்தன.

"பாத்தியா? ஒரு வாரமா இதையே வச்சிருக்கான். அவனுக்கு எதுக்கு என் படகோட படம்? ஏற்கெனவே என் படகு மேல அவனுக்கு ஒரு கண்ணு."

"இது உன் பொட்டிடா" என்றாள் செவஸ்தி மெதுவாக.

"எது?"

"நீ தொறந்திருக்கிறது உன் பொட்டி. ஒரு வாரமா உன் வீட்டுக் கதவைத் தட்டி, நீயே தொறந்து, நீயே உள்ள பாத்துட்டு, அவன் எழுதலன்னு அவனைத் திட்டிட்டிருக்க."

முன்னறையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நீ சிரிக்காத!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "நீயும் அதைத்தான் பண்ணிட்டிருக்க!"

சிரிப்பு நின்றது. செவஸ்தி கிட்டப் பார்வைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னறைப் பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டாள். அது முனகிக்கொண்டே எழுந்தது. திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் குதித்து வந்தது. அவள் முதல் சொல்லைப் படிப்பதற்குள் ஃபோட்டிஸ் மகனின் விரல் பாய்ந்து 'சரி' என்பதை அமுக்கிவிட்டது. கட்டம் மறைந்தது.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா. தெனமும் காலைல வரும்."

"என்னன்னு வரும்?"

"இந்தப் பேருல ஏற்கெனவே ஒருத்தர் வலையில இருக்காருன்னு சொல்லும்." அவன் தோளைக் குலுக்கினான். "தெரிஞ்ச விஷயம்தான? பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது சொன்னாங்க. பட்டாளத்துல சொன்னாங்க. பேங்குல, ஆஸ்பத்திரியில, எங்க போனாலும் ஏற்கெனவே ஒரு சரந்திஸ் கரவோகிரிஸ் இருக்காருன்னுதான் சொல்றாங்க. ஆமா, இருக்கான், என் பெரியப்பா மகன், மேல சொல்லுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். இதுக்கும் அப்படித்தான் சரின்னு அமுக்குவேன்."

"எனக்கும் வரும்க்கா" என்றான் வாசலில் வந்து நின்ற பெத்ரோஸ் மகன். "இவன் எனக்கு முன்னால ஆபீஸ் வந்த அன்னைக்கு எனக்கு வரும். நான் முந்துனா இவனுக்கு வரும்."

செவஸ்தி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பெட்டி வாங்கிய அன்றைக்கு அது 'எனக்கு என்ன பெயர்?' என்று கேட்டிருக்கிறது. இந்த மகராசன்கள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து, எந்தச் சந்தேகமும் இல்லாமல், தாத்தாவின் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். ஒரு வாரமாக அந்தப் பாவப்பட்ட இயந்திரம் ஒவ்வொரு காலையும் இன்ன நோய் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்த வரியைப் படித்துப் பதறியிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருக்கும் செய்தி.

"ஒரே பேருல ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் என்னடா பண்ணுவான்? யாராவது ஒருத்தன் பொட்டிப் பேரை மாத்துங்க. அஞ்சு நிமிஷ வேலை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அவன் மாத்தட்டும்" என்றான் பெத்ரோஸ் மகன். "நான் ஒம்பது நாள் மூத்தவன்."

"மூத்தவனா? ஞானஸ்நானம் யாருக்கு முதல்ல ஆச்சு? எனக்கு! பேரு எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. அது வரைக்கும் இவன் பேரில்லாத பாப்பா."

"தாத்தா உயில்ல என்ன எழுதியிருக்கு? என் பெயரைத் தாங்கும் பேரனுக்கு. இன்னைக்கு நான் பேரைக் குடுத்தேன்னா நாளைக்கு இவன் அதையே காட்டி, நீ பேரு தாங்கலன்னு பத்திரிகையையே எடுத்துக்குவான்."

"நீதான் எடுத்துக்குவ!"

"டேய், டேய்!" செவஸ்தி மேசையைத் தட்டினாள். "இது தகர டப்பாடா! இதுக்கென்ன பாதிரியார் எண்ணெய் தடவியா பேரு வச்சாரு? கூப்பிடுறதுக்கு ஒரு பேரு, அவ்வளவுதான். எதையாவது வச்சுத் தொலைங்களேன். படகுன்னு வை, பூனைன்னு வை. பேருக்காக இப்படி உயிரை விடுவாங்களா யாராவது? நாப்பத்தாறு வயசுல வெக்கமா இல்ல?"

அவர்கள் அசையவில்லை. பேரனுக்குப் பெயர் வந்தது தாத்தாவிடமிருந்து. அதைப் பூனைக்கு விட்டுக்கொடுப்பதா?

கடைசியில் அவள் ஒரு வழி கண்டாள். பெயர் அப்படியே இருக்கட்டும். கடைசியில் அவரவர் அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொள்ளட்டும். இருவருக்கும் சம்மதம். பெத்ரோஸ் மகன் முன்னறைக்குப் போய்த் தட்டினான், ஃபோட்டிஸ் மகன் பின்னறையில் தட்டினான். இரண்டு பெட்டிகளையும் அணைத்துப் போட்டார்கள். முன்னறை அமைதியாக எழுந்தது. பின்னறையில் அதே கட்டம் குதித்தது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

மணி ஒன்றே கால். செவஸ்தி இரண்டு அறைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "மாத்தும்போது ஏதாவது கேட்டுச்சாடா?"

"ஏதோ நீளமாக் கேட்டுச்சு" என்றான் பெத்ரோஸ் மகன். "சரின்னு அமுக்கிட்டேன்."

"நானும்" என்றான் மற்றவன்.

"எதைக் கேட்டாலும் சரின்னுதான் அமுக்குவீங்களா? உங்களுக்குக் கல்யாணமே அப்படித்தான்டா ஆச்சு!"

அவளே திறந்து படித்தாள். இயந்திரத்துக்குப் பதினைந்து எழுத்துக்கு மேல் பெயர் நினைவில் நிற்காதாம். மிச்சத்தை வெட்டிவிடுமாம். எங்கள் மொழி எழுத்தில் சரந்திஸ் கரவோகிரிஸ் என்பதே பதினைந்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பின்னால் சேர்த்த அப்பாக்கள் இரண்டு பேரும் வெட்டுப்பட்டுக் கடலில் விழுந்துவிட்டார்கள். மிஞ்சியது மறுபடியும் தாத்தாதான்.

"அப்பாவை முன்னால போடணும்" என்றாள்.

"தாத்தாவுக்கு முன்னாலயா?" பெத்ரோஸ் மகன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். "அப்பாவே ஒத்துக்கமாட்டாரு."

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். கடைத்தெருவுல உன்னை எப்படிடா கூப்பிடுறாங்க?"

அவன் யோசித்தான். "பெத்ரோஸ் மகன் சரந்திஸ்னு."

"இவனை?"

"ஃபோட்டிஸ் மகன் சரந்திஸ்."

"நாப்பத்தாறு வருஷமா ஊரே கொழப்பமில்லாம கூப்பிடுதுல்ல? அந்த டப்பாவுக்கு மட்டும் என்ன பெரிய மரியாதை? பெத்ரோஸ், ஒரு கோடு, சரந்திஸ். எண்ணு." எங்கள் எழுத்தில் எழுதி எண்ணினார்கள். அச்சு அசலாகப் பதினைந்து. மற்றவனுக்குப் பதினாலு. "குடும்பப் பேரு வாசல் போர்டுல இருக்கு, அது போதும்."

ஊரார் கூப்பிடும் பெயர் என்றதும் இருவரும் அவரவர் பெட்டிக்குப் போனார்கள். மாற்றினார்கள். அணைத்துப் போட்டார்கள். இந்த முறை எந்தக் கட்டமும் குதிக்கவில்லை. ஃபோட்டிஸ் மகன் பின்னறையில் உட்கார்ந்து பெத்ரோஸ் மகனின் பெயரைத் தட்டினான். கோப்புறை திறந்தது. பதினோரு செய்திகளும் வரிசையாக நின்றன.

"டேய்! எழுதித்தான் வச்சிருக்க!" என்று கத்தினான்.

"சொன்னேன்ல!" என்று சுவர் பதில் சொன்னது.

பிறகு வேலை பறந்தது. ஃபோட்டிஸ் மகன் சோம்பேறி என்று யார் சொன்னது? ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பக்கங்களை அமைத்துவிட்டான். செவஸ்தி பக்கத்தில் உட்கார்ந்து பாலாடை ரொட்டியைக் கடித்துக்கொண்டு தன் அறிவிப்புக்காகக் காத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் அது வந்தது. 'செவஸ்தி என்ற பெயர் சூட்டப்பட்டது.' திரையில் தன் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் தலைப்பைப் பெரிதாக்கப் போனவன் கையை எடுத்தான்.

"அக்கா, ஞானஸ்நானம் நாளைக்குத்தான? பேரு உறுதிதானா? அச்சாயிட்டா மாத்த முடியாது."

"என்னடா கேள்வி இது?" என்றாள். ஆனால் கேள்வி ஒட்டிக்கொண்டது. 'உன் இஷ்டம்மா' என்று மரோ சொன்ன தொனி இப்போது காதில் வேறு மாதிரி ஒலித்தது. இருபத்திரண்டு வருடம் தொனி கேட்டுப் பழகிய காது அது. மேசைத் தொலைபேசியை இழுத்து எண்களைச் சுழற்றினாள்.

"மரோ, ஒண்ணுமில்ல, பத்திரிகையில போடக் கேக்குறாங்க. பாப்பாவோட பேரு..."

"நாளைக்கு நேர்ல சொல்லலாம்னு இருந்தேம்மா" என்றாள் மரோ.

"லம்ப்ரினியா?" செவஸ்தியின் குரல் கிறீச்சிட்டது. "அந்தச் சமவெளிக்காரி ஜெயிச்சிட்டாளா?"

"இல்லம்மா. நெஃபெலி."

"யாரு அவ?"

"யாருமில்ல. எங்களுக்குப் பிடிச்ச பேரு. நெஃபெலி. மேகம்னு அர்த்தம்."

"மேகமா! அந்தப் பேருல ஒரு புனிதர் கூடக் கிடையாதேடி! புனிதர் திருநாள் இல்லாம பிள்ளைக்குப் பேர் நாள் என்னைக்குக் கொண்டாடுவ? மழை பெய்யற அன்னைக்கா?"

"அம்மா, அத்தை நேத்து லாரிசாவுலேருந்து கூப்பிட்டு ஒரு மணி நேரம் அழுதாங்க. நீ போர்வை போர்வைன்னு வாரம் தவறாமக் கொல்ற. யாரு பேரை வச்சாலும் இன்னொருத்தர் வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "அதுவும் இல்லம்மா. எனக்குச் செவஸ்தின்னா அது நீதான். ஏற்கெனவே ஒருத்தி இருக்கியே. சோறு சாப்பிடு செவஸ்தி, அடி வாங்குவ செவஸ்தின்னு இன்னொருத்தியக் கூப்பிட எனக்கு வாயே வரல. வச்சுப் பாத்தேம்மா, தனியா இருக்கும்போது. கூப்பிட்டா நீதான் வந்து நிக்கிற."

செவஸ்தியின் கை தானாக எதையோ தேடிற்று. பிடுங்குவதற்குக் கம்பி எதுவும் இல்லை. "கப்பலுக்கு நேரமாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முன்னறைச் சரந்திஸும் கதவருகில் வந்து நின்றிருந்தான். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மகள் மேல், மாப்பிள்ளை மேல், லாரிசா மேல், மேகத்தின் மேல். கொஞ்ச நேரம் முன்பு இவர்களைப் பார்த்து 'பேருக்காக இப்படி உயிரை விடுவாங்களா' என்று கேட்ட தன் வாயின் மேலும்தான். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் வலித்தது.

"அக்கா, வேணும்னா அறிவிப்பையே எடுத்துரலாம்" என்றான் பெத்ரோஸ் மகன்.

"நகருடா" என்றாள் ஃபோட்டிஸ் மகனிடம்.

பெத்ரோஸ் மகனின் பெட்டியில் இருந்த அந்த அறிவிப்பைப் பின்னறையிலிருந்தே திறந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால் அழித்தாள். 'பாட்டியின் பெயரான' என்பதையும் அழித்தாள். அந்த இடத்தில் நெஃபெலி என்று தட்டினாள். சேமித்தாள். எழுந்து முன்னறைக்கு நடந்துபோய், பெத்ரோஸ் மகனின் நாற்காலியில் உட்கார்ந்து, அதே அறிவிப்பைத் திறந்தாள்.

அங்கேயும் செவஸ்தி இல்லை. நெஃபெலி இருந்தாள்.

"நல்லா வேலை செய்யுது" என்றாள். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சத்தமாகச் சிந்தினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக முடித்த வேலை வேறு எதுவும் இல்லை.

ஃபோட்டிஸ் மகன் புது அறிவிப்பைப் பக்கத்தில் போட்டுக் குறுந்தட்டில் ஏற்றி முடிக்கவும், இரண்டே முக்காலுக்குக் கப்பல் ஊதியது. மூன்று பேரும் துறைமுகத்துக்கு ஓடினார்கள். ஒரு சரந்திஸ் பெட்டியையும் ஒரு சரந்திஸ் பையையும் தூக்கிக்கொண்டான். குறுந்தட்டை அச்சகத்தில் தானே கொடுப்பதாகச் சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏறும் பலகைக்கு அருகில் பையை நீட்டும்போது ஜிப் திறந்திருந்தது. போர்வையின் மூலையும் நீல எழுத்துகளும் வெளியே தெரிந்தன. ஃபோட்டிஸ் மகன் அதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தான்.

"அக்கா... இதுல உன் பேருல்ல இருக்கு. கப்பல்ல உக்காந்து பிரிச்சிருவியா?"

"எதுக்குடா பிரிக்கணும்? மூணு வாரம் தச்சிருக்கேன்." செவஸ்தி போர்வையை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தாள். "அந்த மேகக்குட்டி ஒருநாள் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சுக்கட்டும். தெரிஞ்சுக்கிட்டு, உங்களை மாதிரி சரின்னு அமுக்கிட்டுப் போகட்டும்."

பலகையில் ஏறிப் போய்விட்டாள். கப்பல் திரும்பும்வரை இரண்டு சரந்திஸும் கரையில் நின்று கையாட்டினார்கள். மேல்தளத்திலிருந்து அவள் ஏதோ கத்தினாள். காற்றில் 'சரந்திஸ்' என்பது மட்டும்தான் கேட்டது. இரண்டு பேரும் "என்னக்கா?" என்றார்கள்.